உது அந்தப் பாட்டே இல்லை

பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒரு பழைய படத்தை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால், யாழ்ப்பாணத்துச் சலூனிலும் தேத்தண்ணிக் கடையிலும் முதலில் எழும்புவது கோபம். யார் நடிக்கிறார், யார் இசை என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். புதுப் பாட்டு வெளிவந்து முதல் வரி முடிவதற்குள் "உது அந்தப் பாட்டே இல்லை" என்று தீர்ப்பு விழுந்துவிடும். வயது போனவர்களின் பிடிவாதம் என்று இளையவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வார்த்தை வாய்க்கு வருவதற்கு முன்பே காதுக்கும் மூளைக்கும் நடுவில் பெரிய வேலை ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. அதை ஆய்வுகூடத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பாட்டை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதிலிருந்து தொடங்கவேண்டும். மெட்டும் வரிகளும் மனதில் நிற்கும், சுருதியும் வேகமும் கரைந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். டானியல் லெவிட்டின் என்ற உளவியலாளர் 1994 இல் வெளியிட்ட ஆய்வில், 46 மாணவர்களிடம் தங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். யாரும் சுருதி எடுத்துக் கொடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு முயற்சி. ஏறத்தாழ 40 வீதமானவர்கள் ஒரு முயற்சியிலாவது ஒலிப்பதிவில் இருந்த அதே சுருதியில் பாடினார்கள். இருக்கும் 12 சுரத்தானங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், ஒரு முயற்சியில் அது சரிவருவதற்கு 12க்கு 1 தான் வாய்ப்பு. இரண்டு வருடங்களுக்குப் பிறகு அதே பதிவுகளின் வேகத்தை அளந்தபோது, பாடியவற்றில் 72 வீதம் மூலப் பாட்டின் வேகத்திலிருந்து 8 வீதத்துக்கு மேல் விலகவில்லை.

குடாநாட்டில் 1990களின் முற்பகுதியைக் கடந்தவர்களுக்கு இதை நம்ப ஆய்வு தேவைப்படாது. மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் கசெற் இழுபடும், குரல் கீழே இறங்கும். சங்கீதம் ஒரு நாளும் படிக்காத பிள்ளைகூட உடனே "சுத்து, சுத்து" என்று கத்தும். சரியான வேகமும் சரியான சுருதியும் அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஏற்கனவே இல்லாவிட்டால், இழுபடுகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

குரலின் நிறமும் அப்படித்தான். ஒரே சுரத்தை நாதஸ்வரத்திலும் வயலினிலும் வாசித்தால் வேறுபடுத்திக் கேட்கவைக்கும் அந்தத் தன்மை, பாட்டோடு சேர்ந்தே பதிகிறது. பிரபலமான பாட்டுகளிலிருந்து ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டிப் போட்டுக்காட்டிய ஆய்வு 1999 இல் வந்தது. அதற்குள் மெட்டு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இருந்தும் கேட்டவர்கள் வெறும் ஊகத்தால் வரக்கூடியதைவிடத் தெளிவாக அதிகமான பாட்டுகளைச் சரியாக அடையாளம் கண்டார்கள். 2004 இல் கனடாவில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு ஒரு வாரம் ஒரே மெட்டைக் கேட்கவைத்தார்கள். பிறகு அதே மெட்டை வேறு வாத்தியத்திலோ வேறு வேகத்திலோ போட்டபோது, அது தெரிந்த மெட்டு என்பதற்கான அறிகுறி குழந்தைகளிடம் காணாமற்போனது. வளர்ந்தவர்கள் மெட்டைப் பிரித்தறிவார்கள்தான். ஆனால் அடியில் கிடப்பது அந்தக் குழந்தையின் காதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக, ரசிகர் சுமந்துகொண்டு திரிவது ஒரு பாட்டின் சுருக்கத்தை என்று சொல்லமுடியாது. கிட்டத்தட்ட ஒலிப்பதிவையே சுமக்கிறார். பாடகர் மூச்சு எடுக்கும் இடம், தபேலா உள்ளே வரும் இடம், இடையிசையில் வரும் ஒரு சின்னப் புல்லாங்குழல் துண்டு எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்தது, மூளை அந்தப் பதிவை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பாட்டு ஓட ஓட, வரப்போவதை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறது. இசையின் உணர்ச்சி எதிர்பார்ப்பிலிருந்து பிறக்கிறது என்று இசையியலாளர் லெனாட் மேயர் 1956 இலேயே எழுதினார். மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2011 இல் அது உடலில் காணப்பட்டது. இசை கேட்டு மயிர்க்கூச்செறிகிறவர்களைத் தெரிந்தெடுத்து, அவர்களுக்குப் பிடித்த இசையைக் கேட்கவைத்து மூளையைப் படம்பிடித்தார்கள். உச்சக்கட்டம் வந்தபோது ஒரு பகுதியில் இன்பத்தோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. அதைவிட முக்கியம், உச்சக்கட்டம் வருவதற்குச் சற்று முன்பே, "இந்தா வருது" என்று காத்திருக்கும் கணத்தில், இன்னொரு பகுதியில் சுரந்தது. பிடித்த பாட்டின் இன்பத்தில் ஒரு பங்கு, அது வருமுன்னரே நமக்குக் கிடைத்துவிடுகிறது.

எதிர்பார்த்தது வராவிட்டால்? இசையின் இலக்கணத்துக்குப் பொருந்தாத சுரக்கூட்டு ஒன்று காதில் விழுந்தால், ஏறத்தாழ 200 மில்லிசெக்கனுக்குள் மூளையின் மின்னலையில் ஒரு சரிவு தெரிகிறது. சங்கீதம் படிக்காதவர்களிடமும் தெரிகிறது. இருட்டில் வீட்டுப் படி இறங்கும்போது, இல்லாத ஒரு படிக்குக் கால் வைத்தால் உடம்பு திடுக்கிடுமே, அந்த வகைத் திடுக்கிடல் அது. டேவிட் ஹியூரன் என்ற இசை ஆய்வாளர் 2006 இல் எழுதிய நூலில் இதை இரண்டு கட்டமாக விளக்குகிறார். எதிர்பார்ப்புத் தவறியதும் முதலில் வரும் எதிர்வினை வேகமானது, எப்போதும் கசப்பானது. அதன் பின்னால் மெதுவாக வருவது மதிப்பீடு. அந்த மதிப்பீடு "பரவாயில்லை, நல்லாத்தான் செய்திருக்கிறான்" என்று சொன்னால் கசப்பு இன்பமாக மாறும். ரசிகரின் கதையில் சிக்கல் இந்த இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. புதுப் பாட்டில் திடுக்கிடல் ஒன்றோடு நிற்காது. குரலில் ஒன்று, வேகத்தில் ஒன்று, இடையிசையில் ஒன்று என்று அடுக்கடுக்காக வரும். ஒன்றை மதிப்பிட்டு ஆறுதலடைய முன்னரே அடுத்தது வந்துவிடும்.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால், மாற்றம் எல்லாமே யாழ்ப்பாணத்து ரசிகருக்குப் பிடிக்காது என்று முடிவு கட்டவேண்டி வரும். அது உண்மையில்லை. கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். நாதஸ்வரக்காரர் தோடி ராகத்தை எடுத்தால் போன வருடம் வாசித்த மாதிரியே வாசிக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கே போகப்போகிறார், எப்படித் திரும்பி வரப்போகிறார் என்றுதான் வீதியில் சாக்கு விரித்து இருப்பவர்கள் காத்திருப்பார்கள். தவில்காரர் எதிர்பாராத இடத்தில் ஒரு முத்தாய்ப்பு வைத்தால் தலைகள் ஆடும். மேளச்சமா முடிந்து அதே வீதியில் இசைக்குழு மேடையேறிச் சினிமாப் பாட்டுப் பாடத் தொடங்கினால் அளவுகோல் தலைகீழாகிவிடும். "அப்படியே றெக்கோட் மாதிரி" என்பதுதான் அங்கே கிடைக்கக்கூடிய அதியுயர் பாராட்டு. இடையிசையில் ஒரு துண்டு விடுபட்டால் பின்வரிசை வரைக்கும் முணுமுணுப்புக் கேட்கும். அதே காது, அதே இரவு.

ஜாம்ஷெட் பாருச்சா என்ற ஆய்வாளர் செய்த ஒரு பிரிப்பு இங்கே உதவுகிறது. இசையில் நமக்கு இரண்டு வகை எதிர்பார்ப்பு உண்டு. ஒன்று, ஆயிரம் பாட்டுகளைக் கேட்டு, இசை பொதுவாக இப்படித்தான் போகும் என்று படிந்த பொது எதிர்பார்ப்பு. மற்றது, இந்தப் பாட்டில் இந்த இடத்தில் இதுதான் வரும் என்ற குறிப்பான எதிர்பார்ப்பு. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: மூளை எவ்வளவு உறுதியாக எதிர்பார்க்கிறதோ, அது தவறும்போது எழும் பிழைச் சமிக்ஞையும் அவ்வளவுக்குப் பெரிது. இருபது விதமாகக் கேட்ட தோடிக்கு மூளையில் ஒரு அகன்ற வெளி உண்டு. உள்ளே எங்கே நடந்தாலும் பிழையில்லை. ஒரு மயிரிழையும் மாறாமல் நூறு தரம் கேட்ட ஒலிப்பதிவுக்கு இருப்பது ஒரு கோடு மட்டுமே.

நம்முடைய இசைநாடகமும் இந்த அகன்ற வெளியில் வளர்ந்ததுதான். காங்கேசன்துறையில் பிறந்த நடிகமணி வி.வி. வைரமுத்து தன் வசந்த கான சபாவோடு அரிச்சந்திர மயான காண்டத்தை ஆயிரக்கணக்கான மேடைகளில் ஆடினார். இசைநாடக மேடையில் சபை கரைந்தால் பாட்டு நீளும், ஒன்ஸ்மோர் கேட்டால் திரும்ப வரும், ஆர்மோனியம் பாடகரின் தொண்டையைப் பார்த்துப் போகும். 1989 இல் அவர் மறைந்த பிறகும் மயான காண்டம் மேடையேறுகிறது. "வைரமுத்து மாதிரி வராது" என்று பெருமூச்சு விடுகிறவர்களும் முன்வரிசையில் வந்து இருந்து கேட்கிறார்கள். ஒரு நாடகத்தை ஒலிப்பதிவில் மட்டும் கேட்டுப் பழகியவரோ சினிமா ரசிகரைப் போலவே முகம் சுளிப்பார் என்பது என் கணிப்பு. தீர்மானிப்பது கலையின் வகை அல்ல, நினைவு பதிந்த விதம்.

வழிபடு பொருளாகிவிட்ட இசைப்படங்களில் இன்னொரு அடுக்கும் உண்டு. உலகத்திலேயே பெயர்போன உதாரணம் 1975 இல் வந்த 'த ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ'. றிச்சட் ஓ'பிறையன் எழுதி 1973 இல் லண்டனில் மேடையேறிய இசைநாடகத்தின் சினிமா வடிவம் அது. முதலில் படுதோல்வி. 1976 இல் நியூயோர்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போடத் தொடங்கியதும் கதை மாறியது. ரசிகர்கள் பாத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வந்தார்கள், கலியாணக் காட்சியில் அரிசி எறிந்தார்கள், திரையில் நடிகர் நிறுத்தும் இடைவெளியில் பதில் வசனம் கத்தினார்கள். 2016 இல் பொக்ஸ் தொலைக்காட்சி அதை மறுபடி எடுத்தது. ரிம் கறி நடித்த முக்கிய பாத்திரத்தில் லவேர்ன் கொக்ஸ் வந்தார். ரிம் கறியே கதைசொல்லியாக வந்து அமர்ந்தார். திரையோடு சேர்ந்து கத்தும் ரசிகர் கூட்டம் ஒன்றையும் படத்துக்குள்ளேயே வைத்தார்கள். பழைய ரசிகர்கள் பலருக்கு அது ஒட்டவில்லை.

ஏன் என்று யோசித்தால் விடை உடம்பில் இருக்கிறது. கத்துவதற்கான இடைவெளி, அரிசி எறிவதற்கான கணம் எல்லாம் கைக்கும் தொண்டைக்கும் பழகிய நேரங்கள். புதுப் படத்தில் நடிகர் அரைச் செக்கன் முந்திப் பேசினால், ரசிகரின் குரல் வசனத்தின் மேலே விழும். கூட்டமாக ஒரே தாளத்தில் அசைவது மனிதரை நெருக்கமாக்குகிறது. 2015 இல் பிரேசிலில் பாடசாலை மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒத்திசைந்து ஆடியவர்கள் தங்களுக்குள் நெருக்கம் கூடியதாகச் சொன்னார்கள், வலியைத் தாங்கும் அளவும் உயர்ந்தது. அப்படிச் சேர்ந்து அனுபவித்த ஒன்றைத் திரைக்குள் இருக்கும் கூட்டம் நமக்குப் பதிலாக அனுபவித்துக் காட்டினால், பார்ப்பவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சாது.

தமிழ்ச் சினிமாவில் இந்தப் பரிசோதனை பாட்டளவில் நடந்திருக்கிறது. 'படகோட்டி'யில் 1964 இல் ரி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய 'தொட்டால் பூ மலரும்' வரிகளை 2004 இல் 'நியூ' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் புது மெட்டில் போட்டார். 'சொர்க்கம்' படத்தின் 'பொன்மகள் வந்தாள்' 2007 இல் 'அழகிய தமிழ்மகனி'ல் வந்தபோது மெட்டு அப்படியே இருந்தது, சுற்றியிருந்த சத்தம் மாறியது. மூளையின் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. மெட்டு அப்படியே இருந்தால் பழைய பதிவு உள்ளே கூடவே ஓடும், ஒவ்வொரு இடத்திலும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மெட்டே வேறாகிவிட்டால் அந்த ஓட்டம் சில வரிகளில் கைவிடப்படும், காது புதுப் பாட்டாகக் கேட்கத் தொடங்கும். மறுபடி எடுக்கிறவர்கள் கொஞ்சம் மாற்றுவதைவிட நிறைய மாற்றுவது பாதுகாப்பு என்று நான் நினைப்பது இதனால்தான். ரசிகரின் மரியாதைக்காக எண்பது வீதத்தை அப்படியே வைத்து இருபது வீதத்தை மட்டும் தொடுகிறவர், அந்த இருபதையும் மிகக் கூரான காதுகளுக்கு முன்னால் வைக்கிறார்.

வயதும் இதில் விளையாடுகிறது. பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் நடந்தவை பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வரும் என்பது நினைவாய்வில் நன்றாக நிலைபெற்ற கண்டுபிடிப்பு. பாட்டுக்கும் அது பொருந்தும். கரோல் கிறம்ஹான்சலும் ஜஸ்ரின் சுப்னிக்கும் 2013 இல் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டோடும் தனிப் பற்று இருந்தது. தகப்பன் கராஜில் போட்ட கசெற், வான் வண்டியில் ஓடிய பாட்டு, அம்மா சமைக்கும்போது ஓடிய றேடியோ எல்லாம் பிள்ளையின் காதிலும் பதிவுதான். 1964 இல் பிறந்தேயிராத ஒரு பிள்ளை 'படகோட்டி'ப் பாட்டுக்காகச் சண்டை பிடிப்பதில் நடிப்பு இல்லை.

'தொட்டால் பூ மலரும்' பாட்டை 2004 இன் மெட்டில் முதலில் கேட்டு வளர்ந்தவர்களும் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு 1964 இன் பாட்டைப் போட்டால், "இதென்ன வேற மாதிரிப் பாடுகினம்" என்று கேட்பார்கள். சலூனில் இருக்கும் பெரியவருக்கு அது அவமரியாதையாகப் படும். இரண்டு பேரின் மூளையிலும் எழும்புவது ஒரே சமிக்ஞைதான். எந்தப் பதிவு முதலில் உள்ளே போனது என்பதில்தான் வித்தியாசம்.