எலும்புக்கு மூன்று மாதம் வேண்டும்

ராணுவப் பயிற்சியைப் பாதியில் விட்டு வரும் பையனை “கஷ்டம் தாங்காம ஓடி வந்துட்டான்” என்று அக்கம்பக்கத்தில் பேசுவது அநியாயம். வீட்டு ஏக்கம், தூக்கக் குறைவு என்று காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் எந்த நாட்டுப் பயிற்சி முகாமிலும் ஆட்களை முடக்கிப்போடும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு: கால் எலும்பில் விழும் மயிரிழை விரிசல். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பார்கள்.

பெங்களூரு அல்சூரில், ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் மையத்தை ஒட்டி வளரும் தமிழ்ப் பையன்களுக்குப் பட்டாளம் பழகிய கனவு. ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக விடியலில் ஓடுகிறார்கள். சில வாரங்களிலேயே மூச்சு வாங்குவது குறையும், தொடை இறுகும். எலும்பு மட்டும் அந்த வேகத்தில் தயாராவதில்லை.

பூட்ஸ் தரையில் மோதும் ஒவ்வொரு அடியும் எலும்பை இம்மியளவு வளைக்கிறது. புதிய சுமை விழுந்த இடத்தில், பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள்தான் முதலில் வேலையைத் தொடங்கும். அதற்குச் சுமார் மூன்று வாரம். அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும் செல்களுக்கோ மூன்று மாதம் பிடிக்கும். தோண்டிய சாலையைச் செப்பனிடுமுன் லாரி விட்டதுபோல, எலும்பு வலுவிழந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் டிரில்லும் முதுகுச் சுமையோடு நெடுநடையும் ஏறுகின்றன.

1855-லேயே பிரைதாவுப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நெடுந்தூரம் நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். உள்ளே எலும்பு முறிந்திருந்தது எக்ஸ்-ரே வந்த பிறகே தெரிந்தது.

இன்று வலியோடு வரும் பையனுக்கு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை மருத்துவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வருவார். நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பு உறையின் எரிச்சல். ஒரே புள்ளியில் விரல் பட்டதும் பையன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஆரம்பத்தில் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும். அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்களே என்று வலியை மறைத்து ஓடுகிறவனுக்குத்தான் இழப்பு அதிகம். சில வாரம் ஓய்வெடுத்தால் ஆறியிருக்கக்கூடிய கீறல் முழு முறிவாகிவிடும்.

இஸ்ரேல் ராணுவத்தில் நடந்த ஓர் ஆய்வில், சேருமுன் இரண்டு ஆண்டாவது பந்து விளையாட்டு ஆடியவர்களுக்கு இந்த விரிசல் வெகுவாகக் குறைந்திருந்தது. வெறும் ஓட்டத்தால் அந்தப் பலன் இல்லை. திடீரென நிற்பதும் திரும்புவதும் குதிப்பதும் எலும்பைப் பல திசைகளிலும் அசைத்து உரமாக்குகின்றன. அல்சூர் கௌதமபுரத்தில் கால்பந்துக்குப் பஞ்சமில்லை. ஆள்சேர்ப்பு நெருங்குகிறது என்று பந்தை மூலையில் போட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளே.