பிரிபுனலில் எதை முதலில் ஊற்றுவது?

பென்சாயிக் அமிலம், பீனால், நாப்தலீன் மூன்றையும் ஈதரில் கரைத்தால் தண்ணீர் போலத் தெளிந்த ஒரே திரவம்தான் கிடைக்கும். அவற்றை மறுபடி தனித்தனியாக எடுக்க ஒரு பிரிபுனலும் (மேலே மூடியும் அடியில் திறந்து மூடும் குழாயும் உள்ள கண்ணாடிப் புனல்) சில மலிவான வேதிப்பொருள்களும் போதும்.

ஈதரும் நீரும் கலக்காது. நீரின் அடர்த்தி 1, ஈதருக்கு 0.71, அதனால் ஈதர் மேலே மிதக்கும். (டைகுளோரோமீத்தேன் என்ற இன்னொரு கரைப்பானுக்கு 1.33, அது அடியில் தங்கும். வேண்டிய அடுக்கைத் தொட்டியில் ஊற்றிவிட்டு முழிப்பவர்கள் உண்டு. வேலை முடியும்வரை எதையும் கொட்டாதீர்கள்.) மின்சுமை இல்லாத கரிம மூலக்கூறுகள் பெரும்பாலும் ஈதரிலேயே இருக்கும். மின்சுமை ஏறி அயனியாகிவிட்டால் நீருக்கு இறங்கிவிடும். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் அயனியாக்க வேண்டும்.

முதலில் சமையல் சோடாக் கரைசல். அமில வலிமையைச் சொல்லும் பிகேஏ எண் குறையக் குறைய அமிலம் வலியது. பென்சாயிக் அமிலத்துக்கு அது 4.2, கார்பானிக் அமிலத்துக்குச் சுமார் 6.4, பீனாலுக்குச் சுமார் 10. சமையல் சோடா கார்பானிக் அமிலத்தின் உப்பு, அதைவிட வலிய அமிலத்தைத்தான் அதனால் உப்பாக்க முடியும். ஆகவே சோடா பென்சாயிக் அமிலத்தை மட்டும் உப்பாக்கி நீருக்கு இழுக்கும், பீனால் அசையாது. அப்போது கார்பன் டை ஆக்சைடு பொங்கும். குலுக்கும்போது புனலைக் கவிழ்த்து, குழாய் முனையை யார் முகத்துக்கும் நேரே வைக்காமல், அடிக்கடி திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடி தெறித்துவிடும்.

அப்புறம்தான் சோடியம் ஹைட்ராக்சைடு. அது பீனாலையும் இழுத்துவிடும், ஈதரில் நாப்தலீன் மட்டும் மிஞ்சும். வரிசையை மாற்றி இதை முதலில் ஊற்றினால் அமிலமும் பீனாலும் சேர்ந்தே நீருக்குப் போய்விடும். பிரித்த மாதிரியே இருக்காது.

முதலில் பிரித்தெடுத்த சமையல் சோடாக் கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பென்சாயிக் அமிலம் வெள்ளையாகப் படியும், ஏனென்றால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் 3.4 கிராம்தான் கரையும். பீனால் அப்படியில்லை, நீரில் நன்றாகவே கரையும். ஹைட்ராக்சைடு கரைசலில் அமிலம் சேர்த்த பிறகு புது ஈதர் விட்டுத்தான் அதை மீட்க வேண்டும்.

அந்த ஈதரை மொத்தமாக ஊற்றக் கூடாது. ஒரு பொருள் நீரைவிட ஈதரில் 5 மடங்கு தங்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி நீருக்கு 100 மில்லி ஈதரை ஒரே தடவை விட்டால் சுமார் 17 சதவீதம் நீரிலேயே நின்றுவிடும். அதே ஈதரை மூன்று பங்காக விட்டால் 5 சதவீதம். பத்துப் பங்காக விட்டால் 1.7. சரி, அதற்காகப் பத்துத் தடவை குலுக்க யாருக்குப் பொறுமை? ஆய்வகத்தில் பெரும்பாலும் மூன்றோடு நிறுத்திவிடுவார்கள்.