ஒளியை எடை போடலாம்

இரும்புத் தகடு வெட்டும் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "மெஷினில் 10 கிலோவாட் என்று ஒட்டியிருக்கிறது. உண்மையிலேயே அவ்வளவு வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?"

இந்த மெஷினில் தகட்டை வெட்டுவது ஃபைபர் லேசர். அது இட்டெர்பியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடி இழை. டயோடுகளின் 976 நானோமீட்டர் அலைநீள ஒளி உள்ளே போய், ஏறக்குறைய 1070 நானோமீட்டர் லேசராக வெளியே வருகிறது. இந்த வித்தியாசத்தால், உள்ளே போன ஒளியில் 9 சதவீதம் போல வெப்பமாகிவிடும். திறனை ஏற்ற ஏற்ற அந்தச் சூடே கற்றையை நிலைகுலைய வைக்கும். அதற்குப் பதில் 1018 நானோமீட்டர் ஒளியை உள்ளே செலுத்தினால் இழப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். திறனைக் கூட்டும் வழிகளில் இது ஒன்று.

சரி, அளப்பது? வழக்கமான முறையில், லேசரை உறிஞ்சும் உலோகத்தின் மேல் பாய்ச்சி, அதற்குள் தண்ணீர் ஓட விடுவார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், 10 கிலோவாட்டுக்குத் தண்ணீர் 14 டிகிரி சூடேறும். ஆனால் அளக்கும்போது வெட்ட முடியாது. ஒளி மொத்தமும் தண்ணீரோடு போய்விடும்.

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் வேறு வழி பிடித்தது. ஒளிக்கு உந்தம் உண்டு என்று மேக்ஸ்வெல் சொன்னதை, 1900-ஐ ஒட்டி ரஷ்யாவின் லெபெதேவ் சோதனையில் காட்டினார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி அதை லேசாகத் தள்ளுகிறது. 10 கிலோவாட் நேராக விழுந்தால் அந்தத் தள்ளல் 7 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஒரு அரிசி மணியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! கண்ணாடியைத் துல்லியமான தராசில் பொருத்தினால் போதும். தராசு சரியா என்று பார்க்க, எடை தெரிந்த படிக்கல்லை வைக்கலாம். ஆக, லேசரின் வாட் கடைசியில் கிலோகிராமில் போய் நிற்கிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. கண்ணாடியில் பட்ட ஒளி கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிப்போய்த் தன் வேலையைப் பார்க்கும், வெட்டிக்கொண்டே அளக்கலாம்.

லேசர் கட்டப் பணம் ஒதுக்குகிற அளவுக்கு, அதை அளக்கும் ஆய்வுக்கு யாரும் ஒதுக்குவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. அளவு தவறினால் லேசரால் பற்றவைத்த இடம் அல்லவா விட்டுப்போகும்?

உங்கள் பட்டறைக்கு இப்போதைக்கு முன்பு சொன்ன, தண்ணீர் ஓடும் லேசர் மீட்டரே போதும். அளவை, வெட்டும் தலையில் ஒளி வெளியே வரும் முனையான நாசிலுக்குக் கீழே எடுங்கள். குவியப் புள்ளியில் மட்டும் வைக்காதீர்கள், மீட்டர் பொசுங்கிவிடும். அப்புறம், திறன் குறைந்தால் லேசரைக் குறை சொல்லுமுன் வெட்டும் தலையில் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அதில் புகை படிந்திருந்தாலும் திறன் குறையும்.