ஃபில்டர், வடிகட்டி, நெய்யரி

டீசல் காரை முதன்முறையாக வீட்டிலேயே சர்வீஸ் செய்யப் போகிறவர், வாங்க வேண்டியதை ஒரு தாளில் எழுதினால் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏசி இருந்தால் கேபின் ஃபில்டர். இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் வடிகட்டி என்று யாரும் சொல்லிவிடுவார்கள், சரியான சொல்தான். ஆனால் ஆயில் ஃபில்டருக்கென்றே செய்து வைத்ததுபோல இன்னொரு பழைய சொல் நம்மிடம் இருக்கிறது. அது இலக்கண வகுப்போடு நின்றுபோனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் ஃபில்டர். இடைக்கால லத்தீனில் 'ஃபில்ட்ரம்' என்றால் ஆட்டு மயிரை நெய்யாமல் நனைத்து அழுத்திச் செய்த கம்பளித் துணி. தொப்பி செய்கிறார்களே ஃபெல்ட், அதே துணிதான், இரண்டு சொற்களும் ஒரே ஜெர்மானிய வேரிலிருந்து வந்தவை. அந்தத் துணியில் திரவங்களை ஊற்றி வடித்தார்கள், துணியின் பெயரே வடிக்கும் கருவிக்கும் ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்தது. இன்றும் பழைய ஆயில் ஃபில்டர் ஒன்றை அறுத்துப் பார்த்தால் உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் இருக்கும். நெய்யப்படாமல் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பொருள்தான் அதுவும்.

வடிகட்டியில் உயிர் 'வடி'. சோறு வடிப்பது, கஞ்சியை வடிப்பது எல்லாம் இந்த வடிதான். 'வடிகட்டின பொய்' என்கிறோமே, வேறெதுவும் கலக்காத சுத்தமான பொய் என்று, அதுவும் இங்கிருந்துதான். ஒரு நுணுக்கம் உண்டு: எஞ்சினுக்கு அடியில் திருகைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்குவதும் வடித்தல்தான், தூசை நிறுத்துவதும் வடிகட்டல்தான். ஆகவே செய்முறை எழுதுகிறவர்கள் முதல் வேலையை 'ஆயிலை வடித்தல்' என்றும் இரண்டாவதை 'வடிகட்டி மாற்றுதல்' என்றும் முழுசாக எழுதிவிட்டால் படிக்கிறவருக்குக் குழப்பம் வராது. வடிப்பான் என்றும் ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது, கணினி, கைபேசிப் பக்கம் அதிகம். சல்லடை உலர்ந்த பொருளுக்கு. காற்று வடியாது, அதை எப்படிக் காற்று வடிகட்டி என்பது என்று சிலர் கேட்பார்கள். சொல் விரிந்துவிட்டது, அப்படியே விடலாம்.

அப்புறம் நெய்யரி. நெய் + அரி. அரித்தல் என்றால் சலித்துப் பிரிப்பது, அரிசியில் கல் அரிப்பது போல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் மாணவர்களை மூன்று வகையாகப் பிரிக்கும் நூற்பா ஒன்று வருகிறது. அன்னமும் பசுவும் தலை மாணாக்கர், மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி நான்கும் கடை. நெய்யரி என்பது பன்னாடை, அதாவது தென்னை, பனை மட்டையின் அடியில் வலைபோலப் படரும் நார். அதில் நெய்யை வடித்தால் நெய் போய்விடும், கசடு தங்கிவிடும். நல்லதை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்கிறதே என்றுதான் அதற்குக் கடைசி இடம், 'பன்னாடை' வசவானதும் அதனால்தான்.

மாணவனுக்கு அது குற்றம். எஞ்சினுக்கு அதுதான் தேவை! டீசல் எஞ்சினில் எரிதல் முடிந்ததும் மிஞ்சும் கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும், புது ஆயில் ஊற்றிச் சிறிது ஓடியதுமே கறுத்துப்போவது அதனால்தான், பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கரித்தூள் மிக நுண்ணியது, பெரும்பகுதி ஃபில்டரைத் தாண்டிவிடும், அதை ஆயிலில் இருக்கும் சேர்மானங்களே கட்டியாகாமல் மிதக்கவிட்டு வைத்திருக்கும். நெய்யரி பிடிப்பது தேய்ந்த உலோகத் துணுக்கு, மண், திரண்ட கசடு போன்றவற்றை. கார் எஞ்சினுக்கு இப்படி ஒன்று வந்தே நூறு வருடம்தான் ஆகிறது: அமெரிக்காவில் 1923இல் ஸ்வீட்லாண்ட், கிரீன்வுட் என்ற இருவர் பதிந்த ஆயில் ஃபில்டருக்குப் 'பியூரொலேட்டர்' என்று பெயர், 'சுத்தமான ஆயில் அப்புறம்' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது.

கசடு நிறைந்து நெய்யரி அடைத்துக்கொண்டால் ஆயில் நின்றுபோகாது. பக்கவழி வால்வு ஒன்று திறந்து, வடிக்காத ஆயிலையே எஞ்சினுக்கு அனுப்பும். ஆயில் இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயில் மேல் என்ற கணக்கு அது, ஆனால் அந்த நிலையில் வண்டியில் ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். டப்பா மாதிரி திருகும் வகை என்றால் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று அளவுக்கு இறுக்கினால் பெரும்பாலும் போதும், சரியான அளவு ஃபில்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். வண்டிக்கு அடியில் போவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது, வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுகளை வைத்த பிறகுதான் உடம்பு உள்ளே போக வேண்டும்.

அதே நூற்பாவில் முதலில் வரும் அன்னத்தையும் மறக்க வேண்டாம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று சொல்லப்படுகிற பறவை. டீசல் ஃபில்டருக்கு அந்த வேலையும் சேர்த்துத்தான்! டீசலைவிடத் தண்ணீர் கனமானது, ஆகவே பிரிந்து அடியில் தேங்கும், பல வண்டிகளில் அதைத் திறந்துவிட அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். டீசல் வடிகட்டி என்பதோடு 'நீர்பிரிப்பான்' என்ற சொல்லையும் நாம் சேர்த்தே பழக வேண்டும் என்பது என் கட்சி, ஏனென்றால் காமன் ரயில் முறை (டீசலை ஒரே பொதுக் குழாயில் அழுத்தித் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் கொடுப்பது) உள்ள வண்டிகளில் எரிபொருள் 1,600, 2,000 பார் அழுத்தத்தில் போகிறது (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்), உள்ளே பாகங்களுக்கு இடையில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான் (மனித முடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான்), அங்கே தண்ணீர் போனால் பம்பும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் சேர்ந்து கெடும். இந்த ஃபில்டரை மாற்றியதும் உள்ளே காற்று நிற்கும். 'ஏர் பிடித்துவிட்டது' என்பார்களே, அதுதான். கைப்பம்பு இருந்தால் கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும், மின்பம்பு உள்ள வண்டியில் சாவியைப் போட்டுச் சிறிது நேரம் பம்பை ஓடவிட வேண்டும், இதைச் செய்யாமல் ஸ்டார்ட்டரையே அடித்துக்கொண்டிருந்தால் பேட்டரி தீரும், டீசலிலேயே மசகு பெறும் பம்பும் வறண்டு தேயும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தவே கூடாது, அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஏர் ஃபில்டரும் கேபின் ஃபில்டரும் சுலபம். பெட்டியைத் திறந்து, பழையதை எடுத்து, அம்புக்குறி இருந்தால் அதன் திசையில் புதியதை வைக்க வேண்டியதுதான்.

கடைசியாக, கடைப் பட்டியலில் வராத ஒரு ஃபில்டர். புகைப் பாதையில் இருக்கும் துகள் வடிகட்டி, டிபிஎஃப். இது பிடித்த கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் தானே எரித்துக்கொள்ளும், கையால் தொட வேண்டியதில்லை. ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, தங்கிக்கொண்டே போகும். அதனால் இந்த வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான், வண்டியின் கையேட்டில் சொன்ன தரக்குறியீடு டப்பாவின் பின்பக்கத்தில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூடியைத் திறங்கள்.