எஜ்மியாட்சின், வகர்ஷப்பாத்: ஓர் ஊர், இரண்டு பெயர்

ஊர்ப் பெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக இருக்கும். மிஞ்சினால் இரண்டு மூன்று சொற்கள் ஒட்டிய தொடராக இருக்கும். எழுவாய், பயனிலையோடு ஒரு முழு வாக்கியமே ஊர்ப் பெயராக நிற்பது அபூர்வம். ஆர்மீனியாவில் அப்படி ஒரு பெயர் இருக்கிறது: எஜ்மியாட்சின். ‘ஒரேபேறானவர் இறங்கினார்’ என்பது அதன் பொருள். ஒரேபேறானவர் என்றால் கடவுளின் ஒரே மகன், அதாவது இயேசு.

யெரெவானுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், அரராத் சமவெளியில் இருக்கிறது இந்த ஊர். 2011 கணக்கெடுப்பில் 46 ஆயிரத்துச் சொச்சம் பேரோடு ஆர்மீனியாவின் நான்காவது பெரிய நகரமாக இருந்தது. ஆனால் அரசு ஆவணத்தில் தேடினால் இந்தப் பெயர் கிடைக்காது. வகர்ஷப்பாத் என்றுதான் இருக்கும். இரண்டும் ஒரே ஊர். ஒரு பெயர் அரசன் வைத்தது, இன்னொன்று ஒரு புனிதர் கண்ட காட்சியிலிருந்து வந்தது.

முதலில் அரசன் வைத்த பெயர். வகர்ஷ் என்பது ஆள் பெயர். பழைய ஈரானை ஆண்ட பார்த்திய அரச குலத்தின் கிளை ஒன்று ஆர்மீனியாவை ஆண்டது. அந்தக் கிளையைச் சேர்ந்த முதலாம் வகர்ஷ், கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே மதில் எழுப்பித் தன் பெயரை வைத்தான். ரோமானியர் வொலொகேசஸ் என்று எழுதுவதும் இதே பெயரைத்தான். அவனுக்கு முன்பும் இங்கே ஊர் இருந்தது. வர்த்கேஸ் என்பவர் கசாக் ஆற்றங்கரையில் குடியமர்ந்ததால் வர்த்கேசவான் என்று பெயர் வந்ததாக மோவ்சேஸ் கொரெனாட்சி என்ற பழைய ஆர்மீனிய ஆசிரியரின் வரலாறு சொல்கிறது. ‘அவான்’ என்றால் சிற்றூர்.

வகர்ஷுடன் ஒட்டியிருக்கும் ‘ஆபாத்’ நமக்கு நன்றாகத் தெரிந்த சொல். ஐதராபாத், அகமதாபாத், அவ்வளவு தூரம் போவானேன், காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத். எல்லாவற்றின் வாலிலும் இருப்பது இதே பாரசீகச் சொல்தான். ‘குடியேறிய இடம், ஆளும் பயிருமாகச் செழித்த இடம்’ என்று பொருள். வாலாஜா நவாபின் பெயரோடு ஆபாத் சேர்ந்தால் வாலாஜாபாத். வகர்ஷ் மன்னன் பெயரோடு சேர்ந்தால் வகர்ஷப்பாத். இரண்டுக்கும் நடுவே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாவது இருக்கும். பெயர் வைக்கும் முறை மட்டும் மாறவில்லை.

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் ஒலி. பாரசீகத்தில் இந்தச் சொல் பழைய காலத்தில் வல்லின ப, வல்லின த கொண்டு ‘ஆபாத்’ என்று ஒலித்தது. பிறகு அவை மென்மையாகித் தேய்ந்துவிட்டன. ஐதராபாத்தை இந்திக்காரர் சொல்லும்போது கேட்பது அந்தத் தேய்ந்த ஒலி. ஆர்மீனியர் இந்தச் சொல்லைத் தேய்வதற்கு முன்பே கடன் வாங்கிவிட்டார்கள். அதனால் அப்பாவின் ப, பத்துவின் த என்ற பழைய ஒலி அவர்கள் வாயில் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்தவர் வீட்டில் மாறிப்போன பாத்திரம், வாங்கியவர் வீட்டில் பழைய வடிவிலேயே இருப்பது போல. வகர்ஷபாத் என்று ஒற்று இல்லாமல் எழுதினால், நடுவில் வரும் ப நம் வாயில் தானாக மெலிந்துவிடும். அதனால்தான் வகர்ஷப்பாத் என்று ஒற்று மிகுத்து எழுதுகிறேன். இரண்டாம் எழுத்தான க விஷயத்தில் தமிழுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அது தொண்டையில் உரசி வரும் ஒலி. ‘மகன்’ என்பதில் வரும் க கிட்டத்தட்ட அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். ‘க்ஹ’ என்றெல்லாம் திணறத் தேவையில்லை.

சரி, தமிழில் இதற்கு நேர்ச்சொல்? வகர்ஷபுரம் என்று தாராளமாகச் சொல்லலாம். மாமல்லன் பெயரில் மாமல்லபுரம் என்பதைப் போல. ஆனால் விளக்கத்துக்காகச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; வரைபடத்தில் வகர்ஷபுரம் என்று போட்டால் யாராலும் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஊருக்கு நோர் ககாக் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. கிரேக்கத்தில் கைனே போலிஸ். இரண்டுக்கும் பொருள் புதிய நகரம். நம் வழக்கில் புதூர். கி.பி. 163இல் ரோமப் படை பழைய தலைநகர் அர்தஷாத்தை அழித்த பிறகு, இந்தப் புதூர்தான் ஆர்மீனியாவின் தலைநகரானது. அங்கே ரோமப் படைப்பிரிவுகள் தங்கியிருந்ததைச் சொல்லும் லத்தீன் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. 4ஆம் நூற்றாண்டில் த்வின் தலைநகராகும் வரை வகர்ஷப்பாத்தின் காலம்.

இனி அந்த வாக்கியம்.

திர்தாத் மன்னன் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்றது 301இல் என்பது ஆர்மீனிய மரபு. ஒரு நாடு முழுவதும் அப்படி ஏற்றது உலகிலேயே முதல்முறை என்று அவர்கள் பெருமையோடு சொல்வார்கள். அதற்கு முன்பு இதே ஊரில்தான் ஹ்ரிப்சிமே, கயானே என்ற கன்னியரையும் அவர்களோடு வந்த பெண்களையும் மன்னன் கொல்லச் செய்தான். கிரிகோர் என்ற கிறிஸ்தவரைப் பாதாளச் சிறையில் பல ஆண்டுகள் போட்டு வைத்திருந்தான். பிறகு மன்னன் நோயில் விழ, அவனைக் குணமாக்கியவர் அதே கிரிகோர். ஒளியூட்டியவர் என்று ஆர்மீனியர் அவரை அழைக்கிறார்கள். ஒருநாள் இரவு அவர் ஒரு காட்சி கண்டார். வானம் திறந்தது. ஒளி வெள்ளத்துக்கு நடுவே ஒருவர் இறங்கி வந்து, கையிலிருந்த பொற்சம்மட்டியால் நிலத்தை ஓங்கி அடித்தார். அடித்த இடத்தில் நெருப்புத் தூண் எழுந்தது. அங்கேயே பேராலயம் எழுப்பினார்கள்.

அகதாங்கெலோஸ் என்ற பழைய நூலாசிரியர் சொல்லும் கதை இது. சொல்லைப் பிரித்தால் கதை அப்படியே கிடைக்கும். ‘எஜ்’ என்றால் இறங்கினார். ‘மி’ என்றால் ஒன்று. ‘ட்சின்’ என்றால் பிறப்பு. நடுவில் வரும் ‘அ’ இரண்டையும் ஒட்டுவதற்கு மட்டும். மி-அ-ட்சின்: ஒரே பிறப்பு, ஒரே பேறு.

தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு இங்கே சட்டென்று பொறி தட்டும். யோவான் சுவிசேஷத்தின் பழைய மொழிபெயர்ப்பில் வருகிற ‘ஒரேபேறான குமாரன்’, ‘ஒரேபேறானவர்’ என்ற சொற்களைப் பாருங்கள். ஒரே என்பது மி. பேறு என்பது ட்சின். ஆர்மீனிய மொழிபெயர்ப்பாளர்களும் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களும் தத்தம் மொழியில் ஒரே மாதிரி இரண்டு கல்லை எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். மியாட்சினுக்கு இதைவிடச் சரியான தமிழ்ச் சொல் இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். ‘ஒரே மகன்’ என்பது எளிமை. பொருளும் தவறில்லை. ஆனால் பெறுதல் என்ற வினை அதில் மறைந்துவிடுகிறது.

இறங்கினார் என்பதற்கு வேறு சொல் போடலாமா என்று நிறைய யோசித்தேன். ‘அவதரித்தார்’ என்று எழுதலாம். அவதாரம் என்ற சொல்லின் வேரிலும் இறங்குதல்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் அவதரித்தார் என்றால் பிறந்தார் என்றுதான் காதில் விழும். இங்கே பிறப்பு இல்லை. வளர்ந்த ஓர் உருவம் மேலிருந்து கீழே வருகிறது. ‘எழுந்தருளினார்’ என்பது அழகான சொல், மரியாதையும் உண்டு. ஆனால் எழுதல் மேல்நோக்கிய அசைவு. திசை நேர் எதிராகிவிடும். கடைசியில் நாம் தினமும் பஸ்ஸில் பயன்படுத்துகிற ‘இறங்கு’தான் நிற்கிறது.

அந்த வேருக்கும் நம் இறங்குவுக்கும் இன்னொரு ஒற்றுமை உண்டு. ஆர்மீனியாவின் வடகிழக்கில் இஜெவான் என்று ஓர் ஊர். ‘எஜ்’ என்பதன் அடி இஜ். இஜெவான் என்றால் வழிப்போக்கர் இறங்கித் தங்குமிடம், அதாவது சத்திரம். நாமும் வெளியூர் போனவரிடம் “எங்கே இறங்கியிருக்கிறீர்கள்?” என்றுதானே கேட்கிறோம்? குதிரையை விட்டு இறங்குவதும் தங்குவதும் அங்கேயும் இங்கேயும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. பேராலயத்தின் நடுவில், குவிமாடத்துக்கு நேர் கீழே ஒரு பலிபீடம் இருக்கிறது. அதன் பெயர் இஜ்மான் செகான், இறங்கிய பீடம். ஊர்ப் பெயரின் முதல் அசை அந்தக் கல் மேடையிலும் இருக்கிறது. சம்மட்டி விழுந்த இடம் அதுதான் என்பது நம்பிக்கை.

காட்சி பழையது, பெயர் அவ்வளவு பழையதல்ல. எஜ்மியாட்சின் என்ற பெயர் பரவலானது பிற்காலத்தில்தான். தலைமைக் குருவான கத்தோலிக்கோஸின் பீடம் இங்கிருந்து த்வினுக்குப் போனது, ஆனி நகருக்குப் போனது, சிலிசியாவில் சீஸ் நகரம் வரை போனது. 1441இல்தான் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு பேராலயத்தின் பெயர் மடத்துக்கு ஆகி, மடத்தின் பெயர் ஊருக்கும் ஆனது. இன்றும் பீடத்தின் முழுப்பெயர் மாயர் அதோர் சுர்ப் எஜ்மியாட்சின். மாயர் என்றால் தாய். வடமொழி மாதாவுக்கு உறவு. அதோர் என்றால் அரியணை. சுர்ப் என்றால் புனித. தமிழில் ‘புனித எஜ்மியாட்சின் தாய்ப்பீடம்’ என்று எழுதினால் சரியாக இருக்கும். ‘தாய்த் திருச்சபை’ என்று சிலர் எழுதுவது பொருந்தாது. சபை வேறு, பீடம் வேறு.

ஊருக்கு இந்தப் பெயரை அதிகாரபூர்வமாகச் சூட்டியது யார் தெரியுமா? கடவுள் இல்லை என்ற சோவியத் அரசு. 1945இல் வகர்ஷப்பாத்தை எஜ்மியாட்சின் ஆக்கினார்கள். சுதந்திர ஆர்மீனியா 1995இல் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. மக்கள் வாயில் மட்டும் எஜ்மியாட்சின் போகவில்லை. மாமல்லபுரம் என்று பலகை இருந்தாலும் மகாபலிபுரம் என்று சொல்கிறோமே, அது மாதிரி. அதனால் எழுதும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது. நகரத்தையும் பழைய தலைநகரையும் சொல்ல வகர்ஷப்பாத். பேராலயத்தையும் பீடத்தையும் சொல்ல எஜ்மியாட்சின். எட்ச்மியாட்ஜின் என்று வரும் வடிவம் மேற்கு ஆர்மீனிய உச்சரிப்பிலிருந்து ஐரோப்பிய எழுத்து வழியாக வந்தது. ஊர்க்காரர்கள் சொல்வது கிழக்கு ஆர்மீனியம். அங்கே ஜ, ஜ-வாகவே இருக்கிறது.

ஊர் இன்று எப்படி இருக்கிறது? நடுவில் கொமிட்டாஸ் சதுக்கம். கொமிட்டாஸ் என்பது இரண்டு பேரை நினைவூட்டும் பெயர். 618இல் ஹ்ரிப்சிமே கல்லறை மேல் கோயில் கட்டிய கத்தோலிக்கோஸ் ஒருவர். 1881இல் அனாதைச் சிறுவனாக இங்குள்ள குருமடத்துக்கு வந்து, பின்னாளில் குருவாகி அவர் பெயரையே ஏற்ற இசைமேதை இன்னொருவர். ஆர்மீனியக் கிராமத்துப் பாடல்களை ஊர் ஊராகப் போய்த் தொகுத்தவர் அவர். ஹ்ரிப்சிமே கோயில் ஆயிரத்து நானூறு ஆண்டாக அதே இடத்தில் நிற்கிறது. வெளியே அலங்காரம் அதிகமில்லை, பழுப்பேறிய கல்லின் கட்டுமானம் மட்டும்தான். 2000இல் இந்த ஊர்க் கோயில்களையும் பக்கத்தில் இடிந்து கிடக்கும் ஸ்வார்த்னோட்ஸ் ஆலயத்தையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பேராலயம் பழுதுபார்ப்புக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2024 செப்டம்பரில் மறுபடி அர்ச்சிக்கப்பட்டது. ஏழாண்டுக்கு ஒருமுறை திருத்தைலம் காய்ச்சும் மரபும் இங்கே உண்டு. மியூரோன் என்பார்கள். கேரள சிரியன் கிறிஸ்தவர்கள் மூரோன் என்பது இதே கிரேக்கச் சொல்தான்.

அப்புறம், இந்த ஊரின் கற்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னன் முதலாம் ஷா அப்பாஸ் ஆர்மீனியரைக் கூட்டம் கூட்டமாகப் பெயர்த்துக்கொண்டு போய் இஸ்பகானில் குடியமர்த்தினான். அந்தக் குடியிருப்பு நியூ ஜுல்பா. அவர்கள் ஊர் திரும்பும் ஆசையை விட வேண்டும் என்று, பேராலயத்தையே பிரித்து அங்கே கட்டவும் திட்டமிட்டான். அது நடக்கவில்லை. ஆனாலும் 15 கற்கள் பெயர்ந்து போயின. நியூ ஜுல்பாவின் கெவோர்க் கோயிலில் இன்றும் இருக்கின்றன. அந்த நியூ ஜுல்பாவிலிருந்துதான் ஆர்மீனிய வணிகர்கள் சென்னைக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பெட்ரஸ் உஸ்கான் 1726இல் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டினார். 1771இல் எஜ்மியாட்சினில் அச்சகம் தொடங்கியபோது பணம் கொடுத்தவர் இந்தியாவில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர். அடுத்த ஆண்டே சென்னையிலும் ஆர்மீனிய அச்சகம் வந்தது. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் ‘அஸ்தரார்’ 1794இல் வெளியானதும் சென்னையில்தான்.

பாரிமுனையில் அவர்கள் கோயில் இருக்கும் தெரு ஆர்மீனியன் தெரு. சென்னைத் தமிழ் வாய் அதை அரண்மனைக்காரத் தெரு ஆக்கிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் இல்லை, ஆர்மீனியக்காரர்தான் அரண்மனைக்காரர். 1772இல் கட்டிய கோயிலின் முற்றத்தில் நடந்தால் காலடியில் கல்லறைக் கற்கள் வரும். வரிவரியாக ஆர்மீனிய எழுத்து. நான் முதன்முதலில் அந்த எழுத்தைப் பார்த்தது எஜ்மியாட்சினில் அல்ல. மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போய் இறங்கி, நடந்து போன இந்தத் தெருவில்.