சொல் விளக்கம்: உத்தி

தருமபுரி மாவட்டத்தில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் 'ஸ்ட்ராட்டஜி' என்ற சொல் காதில் விழாமல் இருக்காது. பென்னாகரம், அரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கும் வேலைக்கும் ஆயத்தப்படுத்துவது பற்றிய பேச்சு என்றால் 'காலேஜ், கேரியர் ரெடினஸுக்கான ஸ்கூல்வைடு ஸ்ட்ராட்டஜி' (ஸ்கூல்வைடு என்றால் பள்ளி முழுவதற்குமான) என்று அது இன்னும் நீளும். 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியபின் உயர்கல்வி வழிகாட்டலும் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல தமிழ் தேவைப்படுகிறது.

ஸ்ட்ராட்டஜி போர்க்களத்தில் பிறந்த சொல். கிரேக்கத்தில் 'ஸ்ட்ராட்டோஸ்' என்றால் படை, 'ஸ்ட்ராட்டெகோஸ்' என்றால் படைத்தலைவன். அந்த வழியில் போனால் 'வியூகம்' சரியான ஈடுதான். நாளிதழ்கள் தேர்தலுக்கு அதைத்தான் எழுதுகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதிரே வியூகம் வகுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'சூழ்ச்சி' குறளில் கலந்தாராய்வதைக் குறித்தது, இன்று சதியாகிவிட்டது. 'தந்திரம்' ஒருகாலத்தில் நூலையே குறித்த சொல். இப்போது நரியோடு சேர்ந்துகொண்டது.

எஞ்சுவது உத்தி. வடமொழி 'யுக்தி'யின் தமிழ் வடிவம் இது. தொல்காப்பிய மரபியலிலேயே இடம்பெற்ற பழைய வரவு. 32 வகை உத்திகளை வரிசைப்படுத்தும் நன்னூல், உத்தி என்றால் என்ன என்பதையும் சொல்கிறது: 'ஏற்புழி அறிந்து இதற்கு இவ்வகை ஆம் எனத் தகும்வகை செலுத்துதல்'. இடமறிந்து, இதற்கு இந்த வழி என்று தேர்ந்து பொருத்துவதே உத்தி. கற்பித்தலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. ஊர்ப்புற விளையாட்டில் இருவர் இருவராக வந்து புனைபெயர் சொல்லி அணி பிரிவதையும் 'உத்தி பிரித்தல்' என்றுதான் சொல்கிறார்கள்.

முன்னால் நிற்கும் 'ஸ்கூல்வைடு' என்ற அடைமொழியைத்தான் நாம் சரியாகக் கவனிப்பதில்லை. இந்த வகை உத்திகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் 'ஏவிட்' திட்டத்தை, 1980-இல் சான் டியாகோவின் கிளேர்மான்ட் உயர்நிலைப் பள்ளியில் மேரி கேத்தரின் ஸ்வான்சன் என்ற ஆங்கில ஆசிரியை ஒரே வகுப்பாகத் தொடங்கினார். மாணவர்கள் 32 பேர். (நன்னூல் கணக்கும் அதுதான், தற்செயல்.) பிறகு அது பள்ளி முழுவதற்குமான முறையாக விரிந்தது. எழுதுதல், வினவுதல், கூடிக் கற்றல், ஒழுங்குபடுத்தல், வாசித்தல் ஆகிய ஐந்தையும் எல்லாப் பாட ஆசிரியர்களும் கையாள வேண்டும் என்பது அதன் அடிப்படை.

குறிப்பெடுத்தலை எடுத்துக்கொள்வோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறையில், தாளின் வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் கேள்வி, அடியில் சுருக்கம். வரலாற்று வகுப்பில் ஒரு மாணவி இடப்பக்கத்தில் 'அதியமானைப் பற்றி ஜம்பைக் கல்வெட்டு என்ன சொல்கிறது?' என்று எழுதுகிறாள். அடுத்த மணியில் வேதியியலுக்கும் அதே கோடு, அதே மூன்று பகுதி. இப்படி எல்லாப் பாடங்களிலும் பழகியவளுக்குச் செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரியில் ஒரு மணி நேர விரிவுரை மிரட்டலாக இருக்காது. வேதியியல் ஆசிரியர் மட்டும் இதைச் செய்தால் அது அவருடைய உத்தி, அவ்வளவுதான். அவர் மாறுதலாகிப் போகும்போது அதுவும் அவரோடு போய்விடும்.

கூடிக் கற்றல் நமக்குப் புதிதன்று. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் கால் பங்குதான் பிடிபடும், உடன் பயில்வோரோடு பழகும்போது இன்னொரு கால், பிறருக்கு எடுத்துரைக்கும்போது மீதி அரை என்று நன்னூலே பங்கு பிரித்துக் காட்டுகிறது. 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்று கேள்விக்கும் விடைக்கும் அதில் தனியிடம் உண்டு.

இனி அந்தத் தொடரில் உள்ள 'கேரியர்' (career). நம் ஊரில் இது சோற்றுக் கேரியரையோ சைக்கிள் கேரியரையோதான் முதலில் நினைவூட்டும். வேடிக்கை என்னவென்றால் இந்த 'career', அந்தச் சுமக்கும் 'carrier' இரண்டுக்கும் மூலம் ஒன்றே: வண்டியைக் குறிக்கும் இலத்தீன் 'காரஸ்'. 'வேலை' என்பது ஒரு பதவியோடு நின்றுவிடுவதால், ஓசூர் சிப்காட்டில் பயிற்சியாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்வது வரையிலான முழு ஓட்டத்துக்கு 'பணிவாழ்வு' பொருந்தும்.

ஆக, 'கல்லூரிக்கும் பணிவாழ்வுக்கும் ஆயத்தப்படுத்தும், பள்ளி முழுமைக்குமான கற்பித்தல் உத்திகள்'. நீளம்தான். சுற்றறிக்கையின் தலைப்பில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, கீழே 'பள்ளிப் பொது உத்திகள்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.