பயிரோடு மரமும்: பசுமைப் போர்வை இயக்கத்தில் கடலூர் விவசாயி பெறக்கூடியது

சொந்த நிலத்தில் மரம் வளர்க்க விரும்பும் விவசாயிகளுக்கு மரக்கன்றுகளை விலையில்லாமல் தருகிறது ‘தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்’. 2021-22ஆம் ஆண்டில் தொடங்கிய இதை வேளாண்மை - உழவர் நலத்துறை நடத்துகிறது. தேக்கு, மகாகனி, வேங்கை, செம்மரம் போன்ற கன்றுகளை வரப்போரமாக நடலாம். வயலுக்குள் இடைவெளி விட்டும் நடலாம். பயிரை நிறுத்த வேண்டியதில்லை.

உழவன் செயலியில் பதிவு செய்யலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் சிட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போனால் போதும். இது தமிழ்நாடு அரசின் திட்டம் என்பதால் புதுச்சேரிக்கு உட்பட்ட பாகூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பொருந்தாது.

கன்று பிழைத்திருந்தால் இரண்டாம் ஆண்டிலிருந்து கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. பட்டுப்போன கன்றுக்குப் பணம் வராது. அந்தத் தொகையை நம்பி யாரும் மரம் வைக்க வேண்டாம். இந்தத் திட்டத்தின் லாபம் மரத்தில்தான் இருக்கிறது. அதனால் எந்தக் கன்றைக் கேட்டு வாங்குகிறோம் என்பதே முக்கியம்.

கையிருப்பில் உள்ளதை வாங்கிக்கொண்டு வரும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண்ணில் தேக்கும் வேங்கையும் நன்றாக வரும். காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்துக் களிமண் வயல்களில் ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும். அங்கே தேக்கு வேர் அழுகிச் சாகும். நீர்மருது, நாவல், புங்கன் போன்றவை அந்த ஈரத்தைத் தாங்கும். பதிவு செய்யும்போதே உதவி வேளாண்மை அலுவலரிடம் உங்கள் மண்ணைச் சொல்லி, அதற்கேற்ற கன்றைக் கேளுங்கள்.

அடுத்தது காற்று. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பையில் நெடுநாள் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மரம் பெருத்த பிறகும் வேர் ஆழப் போகாது. பெருங்காற்றில் முதலில் சாய்வது அதுதான். பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட்டு நடுங்கள். கடற்கரைப் பக்கமானால் காற்று வரும் திசையில் இரண்டு வரிசை சவுக்கு வைப்பது நல்ல காவல்.

நிழலைப் பற்றிய பயம் நியாயமானதே. ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு வரப்பில் நிற்கும் மரம் உங்கள் பயிரை அதிகம் மறைக்காது. அண்டை வயல்காரரின் பயிர் மறையும். முன்கூட்டியே அவரிடம் பேசிவிடுவது நல்லது.

ஏற்காட்டிலும் கீழ்ப்பழனி மலையிலும் சிறு விவசாயிகள் மர நிழலில் காப்பி வளர்த்து, அதே மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றுகிறார்கள். பண்ருட்டிப் பலாத்தோப்பில் அது முடியுமா? அரபிகா காப்பி மலைக்குளிர் கேட்கும் செடி. நம் சித்திரை வெயிலுக்கு ஆகாது. மிளகு அப்படியல்ல. நிழலும் ஈரமும் இருந்தால் சமவெளியிலும் பலாவைப் பற்றி ஏறும். வளர்ந்த பலா வைத்திருப்பவர்கள் சில மரங்களில் முயன்று பார்க்கலாம்.

நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் (கிராமத்துப் பயிர்ப் பதிவேட்டில்) பதிய வையுங்கள். பின்னாளில் வெட்டும்போதும் விற்கும்போதும் அந்தப் பதிவுதான் உங்களுக்குச் சான்று. சந்தனத்துக்குத் தனி வழி: பட்டா நிலத்துச் சந்தன மரங்களுக்கென 2008ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. வளர்க்கலாம், ஆனால் வனத்துறை வழியாக மட்டுமே வெட்டி விற்க முடியும்.